மூன்றாவது துள்ளலில்தான் மூக்குச் சக்கரம் உடைகிறது

பரந்தனிலிருந்து ஒரு அக்கா எழுதியிருக்கிறார். அவருடைய மகள் தெற்கில் ஒரு பறப்புப் பள்ளியில் படிக்கிறாள். 22 மணித்தியாலம் பறந்தாயிற்று. மூன்றாவது தடவை தனியாகப் பறந்த அன்று, இறக்கும்போது செஸ்னா 152 என்ற சின்னப் பயிற்சி விமானம் ஓடுபாதையில் பட்டுத் துள்ளியது. பிறகு இன்னும் உயரமாகத் துள்ளியது. மூன்றாவது தடவை மூக்குச் சக்கரம் முதலில் குத்தி மடிந்து, புரொப்பெல்லர் தரையில் அடித்து நின்றது. பிள்ளைக்கு ஒரு கீறலும் இல்லை. ஆனால் அழுதுகொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். ஏன் இப்படி நடந்தது, இவளுக்கு இந்தத் தொழில் சரிவருமா, திரும்பிப் போகிறேன் என்றால் விடலாமா என்று அக்கா கேட்கிறார். அம்மம்மா ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லிவிட்டாராம்: "பறந்தது போதும், ரீச்சருக்குப் படி."

நான் வேறொரு நாட்டில் 11 வருடம் சின்ன விமானங்களில் பிள்ளைகளைப் பழக்கிவிட்டு வந்து, இப்போது வவுனியாவில் தோட்டமும் நானுமாக இருக்கிறேன். எனக்குப் பக்கத்துச் சீற்றில் இருந்து பழகியவர்கள் இறக்கிய இறக்கங்களை எண்ணினால் சில ஆயிரம் வரும். அவற்றில் வடிவானவை கொஞ்சம், இடுப்பைப் பதம் பார்த்தவை நிறைய. ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன் அக்கா, பிள்ளையின் முதல் துள்ளல் ஒரு பிழையே அல்ல. பழகுபவரும் துள்ளுவார், பழக்குபவரும் துள்ளுவார். பிழை, முதல் துள்ளலுக்கும் இரண்டாவதுக்கும் நடுவிலுள்ள ஓரிரு வினாடியில் கை செய்த வேலையில் இருக்கிறது. அதற்கும் முந்தி, ஓடுபாதைக்கு இன்னும் அரை நிமிடம் இருக்கும்போதே வேகமானியில் ஒரு இலக்கம் கூடுதலாக நின்றிருக்கும். நான் அந்த விமானத்தில் இருக்கவில்லை. ஆனாலும் இந்தக் கதையை இதே வரிசையில் அத்தனை தடவை பார்த்திருக்கிறேன்.

விமானம் ஏன் துள்ளுகிறது? ரயரின் காற்றும் காலின் ஸ்பிரிங்கும்தான் காரணம் என்று எல்லோரும் நினைப்பார்கள். அவற்றுக்கும் பங்கு உண்டு. செஸ்னாவின் பின் கால்கள் வளைந்து நிமிரும் உருக்குக் கால்கள்தான். ஆனால் பெரிய குற்றவாளி இறக்கை. தரையில் பட்ட நேரத்தில் வேகம் மிஞ்சி இருந்தால், இறக்கை இன்னும் வேலையை விடவில்லை என்று அர்த்தம். அது விமானத்தைத் தூக்கிக்கொண்டேதான் இருக்கிறது. அந்த நிலையில் தட்டையாக வந்து மூன்று சக்கரமும் ஒன்றாகப் பட்டால், மூக்குச் சக்கரம் மூக்கை மேலே உதைக்கும். மூக்கு எழும்பினால் இறக்கை காற்றை இன்னும் கூடின கோணத்தில் வாங்கும். தூக்கல் கூடும். விமானம் திரும்ப எழும்பும்.

இப்போது பிள்ளை எங்கே இருக்கிறாள் என்று பாருங்கள். ஓடுபாதைக்கு மேலே ஒரு ஆள் உயரம். முன்கண்ணாடியில் ஓடுபாதை மறைந்து வானம் தெரிகிறது. வேகம் விழுந்துகொண்டிருக்கிறது. மனிதக் கை என்ன செய்யும்? மூக்கு மேலே போனதால் கொன்ட்ரோலை முன்னுக்குத் தள்ளும். அது இயல்பு. ஆனால் கை தள்ளி, விமானம் கேட்டு, மூக்கு கீழே வருகிற நேரத்துக்குள் விமானம் தானாகவே இறங்கத் தொடங்கியிருக்கும். ஆக இரண்டும் சேர்ந்து மூக்குச் சக்கரம் முதலில் குத்தும். முன்னையதைவிடப் பலமாக உதைக்கும். இந்த முறை இன்னும் உயரம், இன்னும் குறைந்த வேகம். பிள்ளை பயந்து இழுப்பாள், பிறகு தள்ளுவாள். ஒவ்வொரு தடவையும் கை ஒரு அடி பிந்தியே போகும். குளத்தில் ஓட்டுத் துண்டைச் சாய்த்து எறிந்தால் தத்தித் தத்திப் போகுமே, அதைப் போலத்தான். ஒரே வித்தியாசம், ஓட்டுத் துண்டின் தத்தல் வரவரக் குறையும், விமானத்தின் தத்தல் வரவரக் கூடும். வழக்கமாக மூன்றாவதில் ஏதாவது உடையும். ஆங்கிலத்தில் இதற்கு டொல்பினின் சொந்தக்காரனான கடற்பன்றியின் பெயரை வைத்திருக்கிறார்கள். தண்ணீருக்கு மேலே வந்து வந்து மூழ்குகிற அந்த ஓட்டத்தைப் பார்த்தவர் வைத்த பெயர்.

முழுக் கதையும் ஐந்தாறு வினாடி. அதற்குள் யோசித்துத் திருந்த ஒருவராலும் முடியாது. முன்கூட்டியே கையில் பழகியிருக்க வேண்டும். துள்ளல் சின்னதென்றால் ஒன்றும் செய்யாமல் மூக்கை இருந்த இடத்திலேயே பிடித்துக்கொண்டு, தேவையென்றால் த்ரொட்டிலை (எஞ்சினின் சக்தியைக் கூட்டும் பிடி) கொஞ்சம் கொடுத்து, அது தானாகத் திரும்ப இருக்க விட வேண்டும். பெரிதென்றால் த்ரொட்டிலை முழுக்கத் தள்ளி எழும்பிப் போய்விட வேண்டும். மூன்றாவது வழி கிடையாது. தள்ளி இறக்கப் பார்ப்பதுதான் அந்த இல்லாத மூன்றாவது வழி.

சரி, அந்த வேகம் எங்கிருந்து வந்தது?

செஸ்னா 152இல் ஃப்ளாப் (இறக்கையின் பின் ஓரத்தில் கீழே இறக்கும் தகடு) முழுக்கக் கீழே இருக்கும்போது, வேகமானியில் 35 நொட் அளவில்தான் ஸ்டோல் வரும், அதாவது இறக்கை தூக்குவதைக் கைவிடும். ஃப்ளாப் போட்டு இறங்கி வரும் வேகம் 55 முதல் 65 நொட் வரை என்று கைநூல் சொல்கிறது. 60 நொட் என்றால் மணிக்கு 111 கிலோமீற்றர். ஆனால் புதிதாகப் பழகுகிற பிள்ளைக்கு ஸ்டோல் என்ற சொல்லைக் கேட்டாலே வயிற்றைக் கலக்கும். அதனால் கொஞ்சம் கூட வைத்துக்கொள்வாள், உறவுக்காரர் வருகிறார்கள் என்று அரிசி ஒரு பிடி கூடப் போடுவது போல. 60க்குப் பதில் 70. பத்து நொட்தானே என்று தோன்றும். ஆனால் விமானம் சுமந்து வருகிற சக்தி வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். 70இல் வருகிற விமானத்தில் 60இல் வருவதைவிட 36 வீதம் கூடுதலான சக்தி இருக்கிறது. அந்த 36 வீதம் எங்காவது செலவாகியாக வேண்டும். ஓடுபாதைக்கு மேலே கால்படாமல் மிதந்து மிதந்து போகும். பிள்ளைக்குப் பொறுமை போய்விடும். ஓடுபாதை முடிகிறதே என்று மூக்கை அழுத்தித் தரையில் ஒட்டப் பார்ப்பாள். அங்கேதான் மூக்குச் சக்கரம் முதலில் படுகிறது.

இத்தனைக்கும் ஓடுபாதை முடிவதில்லை. கைநூல்படி, கடல் மட்டத்தில், காற்றில்லாத நாளில், குறுகிய ஓடுபாதைக்கான முறையில் சரியாக இறக்கினால் 152க்குத் தரையில் ஓட 145 மீற்றர் போதும். 50 அடி உயரத்திலிருந்து எண்ணினாலும் 365 மீற்றர். ஆனால் மிதக்கும்போது கண்ணுக்கு அது தெரியாது.

தனியாகப் பறப்பவருக்கு இன்னொரு பொறி இருக்கிறது. பள்ளிகளில் இதைச் சொல்லித்தான் அனுப்புவார்கள், ஆனால் பிள்ளைகள் காதில் போட்டுக்கொள்வதில்லை. 152இன் உச்ச நிறை 757 கிலோ. பக்கத்தில் இருந்த 75 கிலோ இன்ஸ்ட்ரக்டர் இறங்கிவிட்டால் பத்தில் ஒரு பங்கு பாரம் இல்லை. விமானம் கெதியாக எழும்பும், இறங்கும்போது மிதப்பதும் கூடும். 20 மணித்தியாலம் இரண்டு பேர் பாரத்தோடு பழகிய கை, தனியாகப் போகும்போது வேறொரு விமானத்தைப் பிடிக்கிறது. வெறும் பெட்டியோடு ஓடுகிற லாண்ட்மாஸ்ரர் (இரண்டு சக்கர உழவு இயந்திரம்), நெல் மூட்டை ஏற்றிய லாண்ட்மாஸ்ரர் மாதிரியா ஓடுகிறது?

நல்ல இறக்கம் எப்படி இருக்கும் என்று பிள்ளைக்குக் காட்ட வேண்டுமானால் இரணைமடுக் குளத்துக்குக் கீழே இருக்கிற வயலில் பின்னேரம் ஐந்து மணிக்குக் கொண்டுபோய் விடுங்கள். கொக்கு இறங்குவதைப் பார்க்கட்டும். அது வயலை நோக்கிச் சரிந்து வரும். வரம்புக்கு மேலே ஒரு முழம் இருக்கும்போது சரிவை நிறுத்தும். அப்படியே தட்டையாகக் கொஞ்சம் போகும். பிறகு நெஞ்சைத் தூக்கும், இன்னும் தூக்கும், இறக்கையை விரித்தபடி உடம்பை ஏறத்தாழ நிமிர்த்தும். வேகம் செத்துவிடும். கடைசியில் காலை நீட்ட, அது வயலில் இருக்கும். தரையைத் தேடி அது குனிவதே இல்லை. தரையை வரவிட்டுக் காத்திருக்கிறது. விமானத்தில் இதற்கு ஃப்ளேர் என்று பெயர். தரைக்குச் சற்று மேலே விமானத்தைப் பறக்கவிடாமலும் விழவிடாமலும் வைத்துக்கொண்டு, வேகம் குறையக் குறையக் கொன்ட்ரோலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே போவது. சரியாகச் செய்தால் ஸ்டோல் எச்சரிக்கை ஊதுகிற நேரத்தில் பின் சக்கரங்கள் இரண்டும் பட்டிருக்கும். மூக்குச் சக்கரம் இன்னும் காற்றில் நிற்கும். அது பிறகு மெல்ல வந்து இருக்கட்டும். மூக்குச் சக்கரம் விமானத்தைத் திருப்பத்தான், தாங்க அல்ல.

அந்த உயரத்தைக் கண் எப்படிக் கணிக்கிறது என்பது வேறு சங்கதி. பழகுபவர்கள் பெரும்பாலும் மூக்குக்கு நேர் முன்னே உள்ள தரையைப் பார்ப்பார்கள். கிரவல் வீதியில் சைக்கிள் பழகும் பிள்ளை முன் ரயரைப் பார்த்தால் என்ன ஆகும்? ஆடி விழும். தூரத்தைப் பார்த்தால் நேரே போகும். விமானத்திலும் அப்படியே. கிட்டப் பார்த்தால் தரை பறந்து வருவது போலத் தோன்றி, ஃப்ளேரை உயரத்திலேயே தொடங்கிவிடுவார்கள். அங்கே வேகம் செத்து, அந்த உயரத்திலிருந்து தொப்பென்று விழும். கண் ஓடுபாதையின் மறுமுனைக்குப் போக வேண்டும். அப்போதுதான் இரு பக்க ஓரங்களும் கடைக்கண்ணில் விரிந்து எழும்புவது தெரியும், உயரம் அதிலிருந்துதான் விளங்கும். ஓடுபாதையின் அகலமும் கண்ணை ஏமாற்றும். அகலமான ஓடுபாதையில் பழகியவர் ஒடுங்கியதில் இறங்கப் போனால், உண்மையில் இருப்பதைவிட உயரத்தில் இருப்பதாக நினைத்துத் தாழப் போவார், ஃப்ளேரும் பிந்தும். ஒடுங்கியதில் பழகியவர் அகலமானதில் நேர்மாறாகச் செய்வார்.

எனக்கே 9 மணித்தியாலத்தில் இந்தக் கண் வியாதி இருந்தது. ஒரே நாளில் நான்கு தடவை உயரத்தில் நிறுத்தி விழவிட்டேன். எனக்குப் பழக்கிய மனிசன் ஒன்றும் பேசவில்லை. விமானத்தை ஓடுபாதைத் தலைப்பில் ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, "இருந்து பார்" என்றார். 20 நிமிடம். எஞ்சின் மூடிக்கும் தொடுவானத்துக்கும் இடையே எத்தனை விரல், ஓடுபாதையின் இரு ஓரமும் கண்ணாடியில் எந்த இடத்தில் வெட்டுகிறது, புல்லின் தலை எவ்வளவு உயரத்தில் தெரிகிறது. "சக்கரம் தரையில் இருக்கும்போது உலகம் இப்படித்தான் தெரியும். இந்தப் படம் வரும்வரை இறக்காதே." வெயிலில் சட்டை ஒட்டியிருந்தது, சீற்றின் றெக்சின் சுட்டது. அதற்குப் பிறகு பறந்ததில் முதல் இறக்கமும் அவ்வளவு நல்லதில்லை. இரண்டாவது பரவாயில்லை.

காற்றுக்கு வருவோம். வன்னிப் பிள்ளைக்குக் காற்றைப் பற்றி நான் படிப்பிக்கத் தேவையில்லை. சோளகம் (தென்மேற்குக் காற்று) எந்தப் பக்கம், வாடை (வடகிழக்குக் காற்று) எந்தப் பக்கம் என்று தெரியாத பிள்ளை எங்கள் ஊரில் இல்லை. விமானம் எதிர்க்காற்றில்தான் இறங்க விரும்பும். அதனால்தான் நாட்டின் ஓடுபாதைகள் பலவும் தென்மேற்கு–வடகிழக்காகக் கிடக்கின்றன. கட்டுநாயக்கவும் இரத்மலானையும் 04–22, பலாலி 05–23. அந்த இலக்கம் திசைகாட்டிப் பாகையின் கடைசிப் பூச்சியத்தை வெட்டியது. 22 என்றால் 220 பாகை, தென்மேற்கு. சோளகம் வீசும்போது அந்தப் பக்கம் பார்த்து இறங்குவார்கள், வாடை தொடங்கினால் மறுபக்கம். சிக்கல், காற்று இந்த இரண்டுக்கும் நடுவில் வரும்போதுதான். மேற்கிலிருந்து கச்சான் அடிக்கிறது என்று வைப்போம் (ஏ9 வீதியில் பொதி பொதியாய் விற்கிற கச்சானில்லை). 270 பாகையிலிருந்து 15 நொட். ஓடுபாதை 220. வித்தியாசம் 50 பாகை. கணக்குப் போட்டால் பக்கத்திலிருந்து தள்ளும் பங்கு ஏறத்தாழ 11 அரை நொட். செஸ்னா 152ஐச் சோதித்தவர்கள் செய்து காட்டிய பக்கக்காற்று 12 நொட். அது சட்ட எல்லையல்ல, அனுபவமுள்ள சோதனை விமானி செய்து காட்டியது. 22 மணித்தியாலப் பிள்ளைக்கு அதில் பாதியே தாராளம். மேற்குக் கரையோர விமானத் தளங்களில் பின்னேரம் கடற்காற்று எழும்பிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பக்கக்காற்றில் பழகுபவர் செய்யும் பிழை இரண்டு. ஒன்று, மூக்கு காற்றுப் பக்கம் திரும்பிய நிலையிலேயே சக்கரத்தைப் படவிடுவது. சக்கரம் ஒரு பக்கம் உருள நினைக்க, விமானம் வேறு பக்கம் போக நினைக்க, ரயர் அலறி, கால் முறுகும். சரியான வழி, காற்று வரும் பக்கத்து இறக்கையைக் கொஞ்சம் தாழ்த்தி, ரடரால் (காலால் மிதித்துத் திருப்பும் வால் சுக்கான்) மூக்கை ஓடுபாதையோடு நேராக்கி, அந்தப் பக்கச் சக்கரத்தை முதலில் படவிடுவது. மற்றது, பட்டவுடன் "வந்துவிட்டோம்" என்று கையை விடுவது. நான் பார்த்த ஓடுபாதை விலகல்களில் பாதிக்கு மேல் இந்தப் பெருமூச்சில் நடந்தவை. விமானம் நின்று, எஞ்சின் அணையும்வரை காற்று அதை விடாது.

வெயிலும் ஒரு ஆள். அறுவடை முடிந்த வயலும் கிரவல் மண்ணும் பத்து மணிக்கு மேல் கொதிக்கத் தொடங்கும், அதற்கு மேலே காற்று எழும்பும். குளத்துக்கு மேலே அப்படியில்லை. இறங்கி வரும்போது வயலுக்கு மேலே ஏந்தும், குளம் வந்ததும் கைவிடும். வன்னி போன்ற இடத்துக்கு மேலே மத்தியானம் பறந்தால் கிடங்கு விழுந்த வீதியில் தட்டிவான் ஓட்டுகிற அனுபவம் இலவசம். பழகுகிற பிள்ளை காலை ஆறரை, ஏழு மணிப் பறப்பைக் கேட்டு வாங்க வேண்டும். எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள். இருந்தாலும் கேட்கட்டும்.

இத்தனை காரணத்தையும் ஒரேயடியாக வெட்டக்கூடிய கத்தி ஒன்று ஒவ்வொரு மாணவர் கையிலும் இருக்கிறது. கோ அரவுண்ட். இறங்குவதைக் கைவிட்டுத் திரும்ப எழும்பி ஒரு சுற்றுச் சுற்றி வருவது. 152இல் அது இவ்வளவுதான்: த்ரொட்டில் முழுக்க, கார்புரேட்டர் ஹீட்டை (கார்புரேட்டரில் பனி பிடிக்காமல் சூடு கொடுக்கும் பிடி) உள்ளே, ஃப்ளாப்பை 20 பாகைக்கு, 55 நொட்டைப் பிடி, பத்திரமான உயரம் வந்ததும் மிச்ச ஃப்ளாப்பை மெல்ல மெல்ல எடு. ஒரு விசயம் மட்டும் கவனம். இறங்குவதற்காகச் சரிசெய்து வைத்த ட்ரிம் (கை அழுத்தாமலே மூக்கை ஒரு நிலையில் வைத்திருக்கும் அமைப்பு), முழுச் சக்தி கொடுத்ததும் மூக்கை மேலே தூக்கும். அதை அழுத்திப் பிடிக்க வேண்டும், வலது ரடரும் வேண்டும். இதை மறந்தால் எழும்பப் போன இடத்தில் ஸ்டோல் வந்துவிடும். ஃப்ளாப்பை ஒரேயடியாக எடுத்தாலும் விமானம் இறங்கிவிடும்.

முறை தெரியாமல் எந்தப் பிள்ளையும் தனியாக அனுப்பப்படுவதில்லை. தெரிந்தும் ஏன் செய்வதில்லை? வெட்கம். டவர் பார்க்கிறது, பள்ளியின் வாசலில் மற்றப் பிள்ளைகள் நிற்கிறார்கள், பின்னால் இன்னொரு விமானம் வருகிறது, இன்னொரு சுற்று என்றால் இன்னும் காசு. காணியை ஈடு வைத்துப் படிக்க வந்த பிள்ளைக்கு அந்தக் கடைசிக் கணக்கு மற்றவர்களைவிடக் கனமாக இருக்கும். நான் பழக்கிய காலத்தில் ஒரு பழக்கம் வைத்திருந்தேன். எந்தப் பிள்ளையாவது நான் சொல்லாமல் தானாகக் கோ அரவுண்ட் செய்தால் அன்றைய பிளேன்ரீ என் செலவு. காரணம் கேட்கமாட்டேன். காரணம் கேட்டால் அடுத்த தடவை காரணம் தேடிக்கொண்டே தரையில் மோதுவார்கள். அந்தப் பிளேன்ரீக் கடையில் எனக்கு நிறையக் கடன் இருந்தது என்பதை ஒரு பெருமையாகவே சொல்லுவேன்.

அக்காவுக்கு அடுத்ததைச் சொல்வதா என்று யோசித்தேன். சொல்லாவிட்டால் பதில் அரைகுறையாகிவிடும். உலகம் முழுக்கச் சின்ன விமான விபத்துகளில் இறங்கும்போது நடப்பவைதான் எண்ணிக்கையில் கூட. அவற்றில் உயிர் போவது மிகக் குறைவு. வேகம் குறைவு, உயரம் இல்லை, பட்டி கட்டியிருக்கிறது. உடைவது இரும்பும் அலுமினியமும்தான். உயிரைப் பறிப்பது அதற்கு ஒரு கட்டம் முந்தி, ஓடுபாதைக்கு நேராக வரக் கடைசியாகத் திரும்புகிற இடத்தில் இருக்கிறது. திருப்பம் பிந்தி, ஓடுபாதைக் கோட்டைத் தாண்டிப் போய்விட்டால், "திரும்பு, திரும்பு" என்று ரடரை உதைத்து மூக்கை இழுக்கத் தோன்றும். இறக்கையை அதிகம் சாய்க்கப் பயம், அதனால் காலால் திருப்பப் பார்ப்பார்கள். அந்த நிலையில் ஒரு பக்க இறக்கை மட்டும் ஸ்டோலானால் விமானம் சுழன்று தலைகீழாகும். சில நூறு அடி உயரத்தில் அதிலிருந்து மீள இடம் கிடையாது. உங்கள் மகளுக்கு நடந்தது இந்த வகை அல்ல. ஆனால் "மூக்குச் சக்கரத்தை உடைத்தவள்" என்ற பெயருக்குப் பயந்து அவள் இனிமேல் ஒவ்வொரு இறக்கத்தையும் எப்படியாவது சரிக்கட்டப் பார்த்தால், இந்த வகைக்கு மெல்ல நெருங்குவாள். எனக்கு அந்தப் பயம்தான் உண்டு. மூக்குச் சக்கரத்தைப் பற்றி இல்லை.

விமானத்துக்கு என்ன ஆனது என்றும் கேட்டிருந்தீர்கள். மூக்குச் சக்கரத்தின் கால் எஞ்சினுக்கும் விமானி இருக்கும் அறைக்கும் நடுவிலுள்ள தடுப்புச் சுவரில்தான் பொருந்தியிருக்கிறது. பலமாகக் குத்தினால் அந்தச் சுவரின் தகடு சுருங்கும். செஸ்னாக்களைப் பழுது பார்ப்பவர்கள் கையில் விளக்கை எடுத்தவுடன் முதலில் பார்க்கும் இடம் அதுவே. புரொப்பெல்லர் சுழலும்போது தரையில் அடித்தால், நுனி கொஞ்சம் வளைந்தாலும்கூட, அந்த அடி கிராங்க் ஷாஃப்ட்வரை போயிருக்கும். 152இல் இருப்பது லைக்கோமிங் எஞ்சின். லைக்கோமிங்கில் இப்படி அடிபட்டால் கிராங்க் ஷாஃப்ட்டின் பல்சக்கரத்தைத் திறந்து பார்க்கத்தான் வேண்டும் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2004இல் கட்டாய உத்தரவே போட்டது. ஆகவே பில் பெரிதாக வந்தால் பள்ளி உங்களை ஏமாற்றுகிறது என்று நினைக்க வேண்டாம். ஆனால் காப்புறுதி எவ்வளவைத் தாங்குகிறது, பிள்ளையின் பங்கு என்ன என்பதைச் சேர்ந்தபோது கையெழுத்திட்ட தாளில் பாருங்கள். வாய்ப்பேச்சில் நம்ப வேண்டாம்.

இதிலே பிள்ளைக்கு ஒரு நல்ல மதிப்பெண் இருக்கிறது, உடைந்ததை மறைக்க முடியாத அளவுக்கு உடைத்தாள். சிரிக்கவில்லை, உண்மையாகத்தான் சொல்கிறேன். பலமாகக் குத்திவிட்டு, வெளியே ஒன்றும் தெரியவில்லை என்று பேசாமல் திறப்பைக் கொழுவிவிட்டுப் போகிற மாணவர்தான் ஆபத்தானவர். சுருங்கிய தகட்டோடு அடுத்த பிள்ளை எழும்புவாள்.

இவளுக்குச் சரிவருமா என்ற கேள்விக்கு, ஒரு இறக்கத்தை வைத்து யாரும் பதில் சொல்ல முடியாது. சொன்னால் அவர் பழக்குபவர் அல்ல, சாத்திரக்காரர். அவளிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: "முதல் துள்ளலுக்குப் பிறகு நீ என்ன செய்தாய்?" "நான் தள்ளினேன், கோ அரவுண்ட் செய்திருக்க வேண்டும்" என்று சொன்னால் தாராளமாக அனுப்புங்கள். "காற்று", "விமானம் பழசு", "டவர் அவசரப்படுத்தியது" என்று மட்டுமே வந்தால் இன்னும் கொஞ்ச நாள் வீட்டில் இருக்கட்டும். அவசரமில்லை.

திரும்பிப் போனால், முதல் பறப்பு தனியாக வேண்டாம், இன்ஸ்ட்ரக்டரோடு. அதிகாலையில். அவள் வாயைத் திறந்து கேட்க வேண்டிய பயிற்சி ஒன்று உண்டு: இறங்காமல், ஓடுபாதைக்கு மேலே நாலைந்து அடி உயரத்தில், கொஞ்சம் சக்தி வைத்து, கடைசிவரை தட்டையாகப் பறந்துவிட்டு எழும்பிப் போவது. நீளமான ஓடுபாதை வேண்டும், அருகில் இன்ஸ்ட்ரக்டர் வேண்டும். மற்றப்படி பத்து இறக்கத்தில் ஃப்ளேர் உயரத்தில் கிடைக்கிற நேரத்தைவிட இதில் ஒரு சுற்றில் கூட நேரம் கிடைக்கும். கண் அங்கேதான் பழகும். அதற்கு அடுத்த பறப்பில், துள்ளினாலும் துள்ளாவிட்டாலும் மூன்று கோ அரவுண்டைச் சும்மா செய்யட்டும், வெட்கம் போவதற்கு.

அம்மம்மாவை மட்டும் வாதத்தில் வெல்லப் பார்க்க வேண்டாம். 2009க்கு முன் வன்னியில் இருந்த எவருக்கும் விமானச் சத்தம் என்றால் அண்ணாந்து பார்ப்பது அல்ல, பிள்ளையை இழுத்துக்கொண்டு பங்கருக்குள் பாய்வதுதான். கிபிர் (குண்டு போடும் போர் விமானம்) எது, வண்டு (ஆளில்லா வேவு விமானம்) எது என்று காது பிரித்து அறிந்த ஆட்கள். அவருடைய பயம் மூக்குச் சக்கரத்தைப் பற்றியது அல்ல, அதற்கு என்னிடம் மருந்தும் இல்லை.

தனியார் விமானி அனுமதிப்பத்திரத்துக்கு மொத்தம் 40 மணித்தியாலம், அதில் குறைந்தது 10 தனியாக, தனியாகப் போகிற நீண்ட பயணம் ஒன்று குறைந்தது 270 கிலோமீற்றர், இடையில் வேறு இரண்டு தளங்களில் இறங்கி நிற்கவும் வேண்டும் என்பது சர்வதேச விதி. இரத்மலானையிலிருந்து பலாலி நேர்கோட்டில் ஏறத்தாழ 330 கிலோமீற்றர். வழிக்கு அனுமதி கிடைத்து வவுனியாவில் ஏ9 வீதியைப் பிடித்தால், பரந்தன் சந்தி இடது பக்க யன்னலுக்குக் கீழே வரும். அப்படி ஒரு நாள் வந்தால், எத்தனை மணிக்கு மேலால் போவாள் என்று அம்மம்மாவுக்கு முதல்நாளே சொல்லிவைக்கச் சொல்லுங்கள். சொல்லாமல் போனால் மனிசி முற்றத்தில் பங்கர் தேடும்.